புனித சவேரியாரும் முத்துக்குளித்துறைச் சிறார்களும்

டிசெம்பர் 3ஆம் திகதி திருச்சபை புனித பிரான்சிஸ் சவேரியாரின் திருநாளைக் கொண்டாடுகின்றது. சவேரியார் என்றதும் நம்மவர் பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது கோவாவில் வெள்ளிப் பேழையினுள் வைக்கப்பட்டிருக்கும் அன்னாரது திருவுடலே. பத்தாண்டுகளுக்கு ஒருமுறை அது மக்கள் வணக்கத்திற்கென இறக்கி வைக்கப்படுவதும், 2024 நவம்பர் முதல் 2025 ஜனவரி வரை அவ்வாறு நிகழ்ந்ததும் யாவரும் அறிந்த செய்திகள். ஆயிரமாயிரம் பேருக்குத் திருமுழுக்கு அளித்தவர், சீனத்தின் வாசல்வரை சென்றவர், புதுமைகள் புரிந்தவர் என்றெல்லாம் மறையுரைகளில் கேட்டிருக்கின்றோம். ஆனால் அவர் நம் தமிழ்க் கடற்கரையில் வாழ்ந்த காலத்தில் நாள்தோறும் யாரோடு தம் பொழுதைக் கழித்தார் என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. அவரது பொழுதில் பெரும்பகுதி சிறு பிள்ளைகளுக்கே உரியதாயிருந்தது.

அம்பாறை மாவட்டத்தின் இறக்காமம் போன்ற ஊர்களின் அயலில் வாழும் கத்தோலிக்கப் பெற்றோர் இப்பகுதியைச் சற்று நிதானமாக வாசிப்பது நன்று. வயலும் குளமும் சூழ்ந்த இறக்காமம், முஸ்லிம் மக்கள் பெரும்பான்மையாக வாழும் ஊர். கல்முனை, அக்கரைப்பற்று என நீளும் இப்பிரதேசத்தில் கத்தோலிக்கர் தொகை மிகச் சிறிது. சொறிக்கல்முனைத் திருச்சிலுவை ஆலயம் போன்ற நம் பழைய ஆலயங்களைச் சுற்றியே அவர்களின் சமய வாழ்வு அமைந்துள்ளது. அயல்வீட்டுப் பிள்ளை தலையில் தொப்பியணிந்து குர்ஆன் மத்ரசாவுக்கு ஓதச் செல்வதை நம் பிள்ளை தினமும் காண்கின்றது. வெள்ளிக்கிழமைகளில் தந்தையின் விரலைப் பிடித்துப் பள்ளிவாசல் செல்லும் சிறுவன் பெரியவர்களின் வரிசையில் நிற்கிறான். அவர்கள் குனியும்போது குனிகிறான். நெற்றி நிலத்தில் படும்போது தானும் படுத்துகிறான். அனைத்தும் விளங்கிய பின்னரே வா என்று அவனை யாரும் நிறுத்தி வைப்பதில்லை.

நம் ஆலயங்களில் நிலைமை என்ன? பிள்ளை அழுதால் தாய் வெளியே செல்கிறார். சிணுங்கினால் கையில் ஒரு பிஸ்கட் பொதி. அதுவும் போதாவிடின் கைத்தொலைபேசி. ஏழெட்டு வயதில் முதல்நன்மைக்கு ஆயத்தம் செய்யும்வரை திருப்பலியில் பிள்ளைக்கு வேலையொன்றும் இல்லை என்றே பலர் எண்ணிவிடுகின்றனர். இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. வாரம் முழுவதும் உழைத்துக் களைத்த பெற்றோருக்கு ஒருமணி நேர அமைதி தேவைதான். ஆயினும் சவேரியார் இக்காரியத்தை முற்றிலும் வேறு விதமாக நோக்கினார் என்பதை அவரது வாழ்க்கை காட்டுகின்றது.

பிரான்சிஸ் 1506ஆம் ஆண்டு ஏப்ரல் 7ஆம் திகதி, இன்றைய ஸ்பெயின் நாட்டின் வடபகுதியிலுள்ள நவார் நாட்டில், சவேரியர் கோட்டையில் பிறந்தார். வீட்டில் கடைக்குட்டி அவரே. ஆறு வயதில் தம் நாடு காஸ்தீலியருக்கு அடிமைப்பட்டதைக் கண்டார். ஒன்பது வயதில் தந்தையை இழந்தார். மறு ஆண்டே பகைவரின் ஆணையால் அவர் பிறந்த கோட்டையின் கோபுரங்கள் இடித்துத் தள்ளப்பட்டன. இத்தனைக்கும் நடுவே அக்கோட்டையின் சிற்றாலயத்தில் இருந்த மரத்தாலான பாடுபட்ட சுரூபத்தின் முன் குடும்பமாகக் கூடிச் செபிக்கும் பழக்கம் மட்டும் மாறவில்லை. 1525இல் பாரிஸ் மாநகருக்குக் கல்வி கற்கச் சென்றார். அங்கே ஒரே அறையில் தங்கிய பீற்றர் பேபரும், பின்னர் வந்து சேர்ந்த இஞ்ஞாசியாரும் அவரது வாழ்வின் திசையை மாற்றினர். 1534 ஓகஸ்ட் 15ஆம் திகதி மொன்மார்த்தர் குன்றில் எழுவர் வார்த்தைப்பாடு கொடுத்தபோது அவரும் ஒருவராயிருந்தார். 1537இல் வெனிஸ் நகரில் குருவானார். 1541ஆம் ஆண்டு தம் முப்பத்தைந்தாவது பிறந்தநாளன்று லிஸ்பனிலிருந்து கப்பலேறி, 1542 மே 6ஆம் திகதி கோவாவை அடைந்தார்.

கோவாவில் திருத்தந்தையின் தூதுவர் என்ற பதவியோடு வந்திறங்கிய அவர் செய்த காரியம் அந்நகரத்துப் பெரிய மனிதரை வியக்க வைத்தது. கையில் ஒரு மணியை எடுத்துக்கொண்டு வீதி வீதியாக நடந்தார். பிள்ளைகளையும் அடிமைகளையும் மறைக்கல்விக்கு அனுப்பும்படி வீட்டாரைக் கூவி அழைத்தார். கூடிய சிறுவரை ஆலயத்திற்கு அழைத்துச் சென்று, செபங்களை எளிய இராகத்தில் பாட்டாகவே கற்பித்தார். பாடமாகச் சொன்னால் மறந்துவிடும் பிள்ளை, பாட்டாகச் சொன்னால் வழியெல்லாம் பாடிக்கொண்டு போகும் என்பதை அவர் அறிந்திருந்தார்.

அவ்வாண்டின் இறுதி மாதங்களில் அவர் முத்துக்குளித்துறைக்கு வந்தார். கன்னியாகுமரியிலிருந்து வடக்கே நீளும் அக்கரையில் வாழ்ந்த பரதவர்களில் ஏறத்தாழ 20,000 பேர், 1535 முதல் 1537 வரையான ஆண்டுகளில் திருமுழுக்குப் பெற்றிருந்தனர். முத்துக்குளிக்கும் உரிமை தொடர்பாக எழுந்த பூசலில் போர்த்துக்கேயரின் பாதுகாப்பை நாடியே அவர்கள் அம்முடிவுக்கு வந்தனர் என்பதை வரலாறு மறைக்கவில்லை. திருமுழுக்கு கிடைத்தது, போதனை கிடைக்கவில்லை. அவர்களின் மொழி அறிந்த குருவானவர் இல்லை. தாங்கள் கிறிஸ்தவர் என்பதைத் தவிர அவர்களுக்கு வேறெதுவும் தெரியாதிருந்தது. கோவாக் கல்லூரியில் பயின்ற, தமிழறிந்த மூன்று இளைஞர்களைத் துணைக்கு அழைத்துக்கொண்டு சவேரியார் மணப்பாட்டுக் கரையில் இறங்கி, ஊர் ஊராக நடந்து தூத்துக்குடியை அடைந்தார்.

போகும் வழியிலேயே பிள்ளைகள் அவரைச் சூழ்ந்துகொண்டனர். ஏதாவது ஒரு செபத்தைக் கற்றுத் தரும்வரை அவரை உண்ணவும் விடவில்லை, உறங்கவும் விடவில்லை, கட்டளைச் செபம் சொல்லவும் விடவில்லை என்று அவரே ஐரோப்பாவிலிருந்த தம் சகோதரருக்கு எழுதினார். விண்ணரசு இத்தகையோருக்கே உரியது என்ற ஆண்டவரின் போதனையின் பொருளை அச்சிறுவர் நடுவேதான் உணரத் தொடங்கினார் என்றும் அம்மடல் தெரிவிக்கின்றது. அச்சிறார் அவருக்குப் பணியின் இடையூறாகத் தெரியவில்லை. அவர்களே பணியின் வாசல் என்று கண்டார்.

ஆனால் எந்த மொழியில் கற்பிப்பது? சவேரியாரின் தாய்மொழி பாஸ்க்கு. கடற்கரையின் மொழி தமிழ். தூத்துக்குடியில் சில மாதங்கள் தங்கி, தமிழும் போர்த்துக்கேயமும் ஓரளவு அறிந்த உள்ளூரவரை அருகில் அமர்த்திக்கொண்டு, சிலுவை அடையாளம், விசுவாசப் பிரமாணம், பத்துக் கற்பனைகள், பரலோக மந்திரம், மங்கள வார்த்தை, கிருபை தயாபத்து, பாவசங்கீர்த்தன மந்திரம் ஆகியவற்றை மிகுந்த உழைப்புடன் தமிழாக்கினார். பின்னர் அவற்றைத் தாமே மனப்பாடம் செய்தார். பாரிஸ் பல்கலைக்கழகத்தில் மெய்யியல் கற்பித்த பேராசிரியர், முப்பத்தாறு வயதில், மீனவக் குடிசை நிழலில் உட்கார்ந்து ஒரு பள்ளிச் சிறுவனைப் போலத் தமிழ்ச் செபத்தை நெட்டுருப் போட்ட காட்சியைச் சற்று மனக்கண்ணில் காண வேண்டும்.

அந்த மொழிபெயர்ப்பில் பிழைகள் இருந்தன. விசுவாசப் பிரமாணத்தில் ‘விசுவாசம்’ என்று வரவேண்டிய இடத்தில் ‘வேணும்’ என்ற சொல் நுழைந்திருந்தது. அதாவது, இறைவனை நம்புகிறேன் என்பதற்குப் பதிலாக எனக்கு இறைவன் வேண்டும் என்று ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் சொல்லிக்கொண்டிருந்தனர்! 1544இல் தம் உதவியாளர் மன்சிலாஸ் என்பவருக்கு எழுதிய மடலொன்றில் சவேரியார் இச்சொல்லை மாற்றும்படி பணித்தார். ஆண்டவரின் பாடுகளைப் பற்றிய பகுதியில் பலவந்தத்தால் என்று பொருள்படும் சொல்லையும் நீக்கச் சொன்னார்; ஆண்டவர் தாமே விரும்பிப் பாடுபட்டாரேயன்றி வலிந்து துன்புறுத்தப்பட்டதால் மட்டும் அன்று என்பது அவர் கருத்து. சிறு பிள்ளைகள் வாயில் வழங்கும் சொல்தானே, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று அவர் விட்டுவிடவில்லை. ஒரு வகையில் எண்ணினால், இறைவன் எனக்கு வேண்டும் என்ற அப்பிழையிலும் ஒரு பக்தி இருக்கத்தான் செய்கிறது. இருப்பினும் திருத்தியதே சரி. பிள்ளைப் பருவத்தில் நாவில் ஏறிய சொல் முதுமைவரை இறங்காது.

செபங்கள் கைவசமானதும் மீண்டும் மணி ஒலித்தது. நாளொன்றுக்கு இருமுறை ஊரின் தெருக்களில் மணியடித்துச் சென்று சிறுவரையும் பெரியோரையும் கூட்டினார். ஒரு மாத காலத்தில் செபங்களைக் கற்பித்தார். கற்றதை அன்றன்றே வீட்டிலுள்ள தாய் தந்தையருக்கும் வேலையாட்களுக்கும் அயலாருக்கும் சொல்லிக் கொடுக்கவேண்டும் என்பது அவர் சிறுவருக்கு இட்ட கட்டளை. பெற்றோர் பிள்ளைக்குக் கற்பிப்பதே உலக வழக்கம். அங்கே பிள்ளைகள் பெற்றோருக்குக் கற்பித்தனர். பகலெல்லாம் கடலில் உழைத்து மாலையில் வலையோடு திரும்பும் தந்தை, அன்று தன் மகன் கொண்டுவந்த செபத்தின் அடுத்த வரியைக் கேட்டுக் கற்றான். ஒரே ஒரு குருவானவரால் நுழைய முடியாத நூற்றுக்கணக்கான குடிசைகளுக்குள் இவ்வாறே வேதம் நுழைந்தது.

இதனிலும் ஒருபடி மேலே சென்றார். நோயாளிகளைச் சந்திக்க வரும்படி நாலாபக்கமிருந்தும் அழைப்புகள் வந்தன. எல்லா இடங்களுக்கும் அவரால் செல்ல இயலவில்லை. ஆகவே செபங்களை நன்கறிந்த சிறுவரைத் தமக்குப் பதிலாக அனுப்பினார். அடையாளமாகத் தம் செபமாலையையோ பாடுபட்ட சுரூபத்தையோ அவர்கள் கையில் கொடுத்தனுப்புவார். அச்சிறுவர் நோயாளியின் வீட்டாரையும் அயலாரையும் கூட்டி, எல்லோரோடும் சேர்ந்து விசுவாசப் பிரமாணத்தைப் பலமுறை சொல்லி, இறைவன்மீது நம்பிக்கை வைக்கும்படி நோயாளியைத் தேற்றுவார்கள். பலர் உடலிலும் ஆன்மாவிலும் நலம் பெற்றனர் என்று சவேரியார் எழுதினார். அப்புதுமைகளைத் தம்முடையவை என்று அவர் உரிமை கொண்டாடவில்லை. அச்சிறாரின் விசுவாசத்திற்கே உரியவை ஆக்கினார். ஒரு சிறுவனின் கையில் குருவானவரின் செபமாலை! அதைப் பிடித்துக்கொண்டு ஊர்த்தெருவில் நடந்த அப்பிள்ளை, அதன்பின் ஆலயத்தில் தனக்கு வேலையில்லை என்று எண்ணியிருக்க முடியுமா?

ஞாயிற்றுக்கிழமைகளில் நடந்த கூட்டு வழிபாட்டை அவர் 1544 ஜனவரியில் கொச்சியிலிருந்து உரோமைக்கு எழுதிய நீண்ட மடல் விரிவாக வருணிக்கின்றது. ஆண், பெண், முதியோர், சிறுவர் என ஊர் முழுவதும் ஓரிடத்தில் கூடும். தமதிருத்துவத்தின் பெயரைச் சொல்லித் தொடங்கி, செபங்களை அவர் உரத்த குரலில் சொல்ல, எல்லோரும் ஒருமித்துத் திருப்பிச் சொல்வர். அடுத்து விசுவாசப் பிரமாணத்தை மட்டும் தனியே எடுத்துக்கொள்வார். ஒவ்வொரு பிரிவாகச் சொல்லி நிறுத்தி, இதை ஐயமின்றி நம்புகிறீர்களா என வினவுவார். அனைவரும் கைகளை மார்பின்மேல் சிலுவையாக மடித்து, நம்புகிறோம் என ஒரே குரலாய் முழங்குவர். பின்பு அந்த உண்மையை உறுதியாக நம்பும் வரம் வேண்டி ஒரு சிறு மன்றாட்டும், பரலோக மந்திரமும், மங்கள வார்த்தையும் சொல்லப்படும். பன்னிரண்டு பிரிவுகளுக்கும் இவ்வாறே. பத்துக் கற்பனைகளுக்கும் இவ்வாறே.

இம்முறையைக் கூர்ந்து நோக்கினால் ஒன்று விளங்கும். நீண்ட உரை எங்கும் இல்லை. கேட்டல், சொல்லல், விடையளித்தல், கைகளை மடித்தல், மீண்டும் சொல்லல் என்று வழிபாடு முழுவதும் வாய்க்கும் கைக்கும் வேலை இருந்துகொண்டே இருந்தது. ஐந்து வயதுப் பிள்ளையால் ஒரு மணி நேரம் சும்மா இருக்க முடியாது. ஆனால் ஒரு மணி நேரம் பங்குபற்ற முடியும். சத்தமிடாதே, அசையாதே என்று நாம் பிள்ளைக்குச் சொல்லும் அந்த இடத்தில், இப்பொழுது சொல், இப்பொழுது கைகளை மடி என்று சவேரியார் சொன்னார்.

திருச்சபை இதனைப் பிற்காலத்தில் வேறு வேறு வழிகளில் உறுதிப்படுத்தியது. 1910ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் திருத்தந்தை புனித பத்தாம் பத்திநாதர் வெளியிட்ட ஆணையால், பன்னிரண்டு வயது, பதினான்கு வயது என்று தள்ளிப்போடப்பட்டு வந்த முதல்நன்மை, புத்தி விபரம் அறியும் வயதாகிய ஏழு வயதளவிலேயே வழங்கப்படலாயிற்று. இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் பின், 1973 நவம்பர் 1ஆம் திகதி வெளிவந்த சிறுவர் திருப்பலிக்கான வழிகாட்டி நூல் இன்னும் நுணுக்கமாகப் பேசுகின்றது. பெரியோர் திருப்பலியில் சிறுவரும் இருப்பார்களாயின் அவர்கள் மறக்கப்பட்டவர்களாகத் தோன்றாதபடி, தொடக்கத்திலோ முடிவிலோ மறையுரையின் ஒரு பகுதியிலோ அவர்களை நோக்கியும் பேசவேண்டும் என்கின்றது. பாடல், பவனி, காணிக்கை கொண்டுவருதல் போன்றவற்றில் அவர்களுக்குப் பங்களிக்கச் சொல்கின்றது. பங்குபற்ற இயலாத கைக்குழந்தைகளை வேறிடத்தில் பராமரித்து, இறுதி ஆசீருக்கு ஆலயத்தினுள் கொண்டுவரலாம் என்று தாய்மாரின் சிரமத்தையும் எண்ணிப் பார்க்கின்றது. மௌனமும் சிறுவருக்குரியதே என்று நினைவூட்டுகின்றது. இவை யாவற்றுக்கும் முன்பாக, வீட்டில் பெற்றோர் பிள்ளையோடு சேர்ந்து தினமும் செபிப்பதை வலியுறுத்துகின்றது. பங்குத்தந்தையரும் மறையாசிரியர்களும் இந்நூலை அறிவர். பெற்றோர் பலர் அறியார்.

சவேரியாரின் வரலாற்றில் நாம் தயக்கத்துடன் வாசிக்கவேண்டிய பகுதியும் ஒன்றுண்டு. பழைய வழிபாட்டை மறைவாகத் தொடர்ந்த பெற்றோரைப் பற்றிப் பிள்ளைகள் அவரிடம் வந்து சொல்வதுண்டு. அவர் அச்சிறுவரையே அழைத்துச் சென்று அவ்வீடுகளிலிருந்த சிலைகளை உடைப்பித்தார். அதனை மகிழ்ச்சியோடு தம் மடல்களில் குறித்தும் வைத்தார். அக்காலத்து ஐரோப்பியக் குரு ஒருவரின் எண்ணம் அது. அதனைப் புகழ்ந்துரைப்பது நமக்குத் தகாது. பிறர் புனிதமாகப் போற்றுவதைச் சிறுவரின் கைகொண்டு அவமதிப்பித்ததும், பிள்ளையைப் பெற்றோருக்கு எதிராய் நிறுத்தியதும் எவ்வகையிலும் பின்பற்றத்தக்கவை அல்ல. பிற சமயங்களில் உள்ள உண்மையும் தூய்மையுமான எதையும் திருச்சபை புறக்கணிப்பதில்லை என்று 1965இல் வத்திக்கான் சங்கம் தெளிவாக அறிவித்துள்ளது. பாங்கொலியும் கோயில் மணியும் ஆலய மணியும் ஒரே காற்றில் கலந்து ஒலிக்கும் இக்கரையில் வளரும் பிள்ளைக்கு, தன் செபத்தை ஆழமாகக் கற்பதும் அயலானின் செபத்தை மதிப்பதும் சேர்ந்தே ஊட்டப்படவேண்டும். புனிதர்களும் தம் காலத்தின் பிள்ளைகளே. அதைச் சொல்வதால் அவர்களின் பெருமை குன்றிவிடாது.

மணியடிக்கத் தாம் எப்போதும் இவ்வூர்களில் இருக்கப்போவதில்லை என்பதைச் சவேரியார் நன்கு உணர்ந்திருந்தார். ஆகவே ஒவ்வோர் ஊரிலும் கணக்கப்பிள்ளை எனப்பட்ட உபதேசியாரை நியமித்தார். நாள்தோறும் சிறுவரைக் கூட்டிச் செபம் கற்பிப்பது அவரது முதற் கடமை. அவர்களுக்கு ஊதியம் கொடுக்கப் பணம் வேண்டுமே! பரதவர் போர்த்துக்கல் அரசிக்குப் பாதணிச் செலவுக்கென்று ஆண்டுதோறும் 4,000 பொற்பணம் திறையாகச் செலுத்தி வந்தனர். அப்பணத்தை இவ்வூர்ச் சிறுவரின் மறைக்கல்விக்கு விட்டுக்கொடுக்கும்படி அவர் அரசி கத்தரீனாவை வேண்டினார். விண்ணகம் ஏறிச்செல்ல இச்சிறு பிள்ளைகளைக் காட்டிலும் நல்ல பாதணி அரசிக்குக் கிட்டாது என்பது அவர் எடுத்துரைத்த நியாயம். வேண்டுதல் நிறைவேறியது. அரசியின் பாதணிக்குரிய பணம் தமிழ்ச் சிறுவரின் செபத்திற்குச் செலவாயிற்று.

1544ஆம் ஆண்டு கடினமான ஆண்டு. வடுகர் படையெடுப்பால் குமரிமுனைப் பகுதி மக்கள் கடலோரப் பாறைகளில் ஒளிந்து பசியாலும் தாகத்தாலும் மடிந்தனர். சவேரியார் மணப்பாட்டிலிருந்து இருபது தோணிகளில் உணவு ஏற்றிச் சென்றார். எதிர்க்காற்று அவரைக் கரைசேர விடவில்லை. பின்னர் தரைவழியே நடந்து சென்றார். அதே ஆண்டில் நம் மன்னார்த் தீவின் மக்கள் தங்களுக்கும் போதிக்க வரும்படி ஆளனுப்பினர். அவரால் செல்ல முடியாமையால் வேறொரு குருவை அனுப்பினார். திருமுழுக்குப் பெற்ற அம்மக்களுள் ஏறத்தாழ 600 பேர் யாழ்ப்பாண மன்னன் சங்கிலியின் வாளுக்கு இரையாயினர். மன்னார் மறைசாட்சிகள் என்று நாம் இன்றும் நினைவுகூருவது இவர்களையே. மன்னாருக்கு வந்த வேதம் முத்துக்குளித்துறையிலிருந்து வந்ததென்பதால், அக்கரையின் கதை நமக்கு அந்நியமானதன்று.

திருமுழுக்குப் பெற்ற கைக்குழந்தைகள் பலர் அக்கரையில் நோயால் இறந்தனர். மாசற்ற நிலையில் இறைவனிடம் சென்ற அச்சிசுக்களைச் சவேரியார் தம் பரிந்துரையாளராகவே கொண்டார். புயலிலும் ஆபத்திலும் வானதூதரையும் புனிதரையும் அழைத்தபின், தம் கையால் திருமுழுக்குப் பெற்று மரித்த பாலகரையும் பெயரின்றி அழைத்து உதவி கேட்பது அவர் வழக்கமாயிற்று. சிறுவருக்காகப் பெரியோர் மன்றாடுவது போதாது, சிறுவரின் மன்றாட்டு பெரியோருக்குத் தேவை என்பதில் அவருக்கு ஐயமே இருக்கவில்லை.

1545இல் அவர் மலாக்காவுக்குப் புறப்பட்டார். அங்கும் மணி. அதற்கப்பால் மொலுக்காத் தீவுகளிலுள்ள தெர்னாத்தேயில் சிறிது காலம் தங்கியிருந்தார். வீதியில் சிறுவரும், வீட்டில் பெண்களும், வயலில் உழவரும், கடலில் மீனவரும் பழைய பாட்டுகளை விட்டு விசுவாசப் பிரமாணத்தையும் ஏனைய செபங்களையும் பாடித் திரிவதைக் கண்டு மகிழ்ந்தார். 1548 பெப்ரவரியில் மணப்பாட்டுக்குத் திரும்பி வந்து, கடற்கரையில் பணியாற்றிய குருக்களுக்கு எழுத்தில் ஓர் அறிவுறுத்தல் வழங்கினார். அதில் முதன்மையாக இடம்பெற்றவை இரண்டு: பிறக்கும் சிசுக்களுக்குத் தாமதமின்றித் திருமுழுக்கு அளித்தல், பேசத் தொடங்கிய பிள்ளைகளைக் கூட்டி நாள்தோறும் செபம் கற்பித்தல். பெண்களுக்குச் சனிக்கிழமை, ஆண்களுக்கு ஞாயிற்றுக்கிழமை என்று ஒழுங்கு வகுத்த அவர், சிறுவருக்கு மட்டும் நாள் குறிக்கவில்லை. எல்லா நாளும் அவர்களுடையது.

அவ்வறிவுறுத்தலைப் பின்பற்றிய குருக்களுள் ஒருவர் ஹென்றிக் ஹென்றீக்கசு அடிகள். சவேரியாருக்குக் கைவராத தமிழ் இவருக்குக் கைவந்தது. சவேரியாரின் பிழைபட்ட செபங்களைத் திருத்தி, 1578இல் கொல்லத்தில் தம்பிரான் வணக்கம் என்ற நூலைத் தமிழ் எழுத்தில் அச்சிட்டார். இந்திய மொழியொன்றின் எழுத்தில் இந்திய மண்ணில் அச்சேறிய முதல் நூல் அதுவே. மறு ஆண்டு கொச்சியில் கிரிசித்தியானி வணக்கம் வெளிவந்தது. வினாவும் விடையுமாக அமைந்த அந்நூலின் போர்த்துக்கேய மூலம், சிறுவருக்குக் கற்பிப்பதற்கென்றே எழுதப்பட்டது. தமிழ் அச்சின் தொட்டிலருகே சிறு பிள்ளைகளின் மறைக்கல்வி இருந்தது என்று தமிழர் நாம் பெருமையோடு சொல்லிக்கொள்ளலாம்.

நம் நாட்டில் இம்முறையின் வலிமை வேறொரு சோதனையில் வெளிப்பட்டது. 1658இல் யாழ்ப்பாணம் ஒல்லாந்தர் வசமானபின் கத்தோலிக்கக் குருக்கள் வெளியேற்றப்பட்டனர். 1687இல் புனித யோசேப்வாஸ் அடிகள் கூலியாள் வேடத்தில் யாழ்ப்பாணம் வந்து சேரும்வரை ஒரு தலைமுறைக் காலம் திருப்பலி இல்லை, குருவானவர் இல்லை. அவர் வந்தபோது வீடுகளுக்குள் செபம் உயிரோடு இருந்தது. பெரியோரிடமிருந்து பிள்ளைகள் கற்று, அப்பிள்ளைகள் தாமும் பெற்றோராகித் தம் பிள்ளைகளுக்குச் சொல்லிவைத்த செபம் அது. 2015 ஜனவரி 14ஆம் திகதி கொழும்பு காலிமுகத்திடலில் திருத்தந்தை பிரான்சிஸ் யோசேப்வாஸ் அடிகளைப் புனிதராக உயர்த்தியபோது, பெயரறியாத அந்த வீட்டுச் செபங்களையும் சேர்த்து நினைத்தோர் எத்தனை பேரோ!

சவேரியார் 1549 ஓகஸ்ட் 15ஆம் திகதி ஜப்பானின் ககோஷிமாவில் இறங்கினார். அங்கு மீண்டும் ஒரு புதுமொழி, மீண்டும் மனப்பாடம். இரண்டாண்டுகளின் பின் திரும்பி, சீனத்திற்குச் செல்லப் புறப்பட்டார். சீனக் கரைக்கு எதிரேயுள்ள சன்சியான் என்ற தீவில், தம்மைக் கரைசேர்க்க வாக்களித்த வணிகனின் படகுக்காகக் காத்திருந்தார். படகு வரவில்லை. காய்ச்சல் வந்தது. கப்பல்கள் ஒவ்வொன்றாய்ப் புறப்பட்டுப் போயின. ஓலைக் குடிசையொன்றில் கடற்குளிரில் கிடந்த அவரருகே இறுதிவரை இருந்தவன் அந்தோனியோ என்ற சீன இளைஞன். கோவாவில் சிறுவருக்கென நடத்தப்பட்ட கல்லூரியில் செபம் கற்று வளர்ந்தவன் அவன்.

பின்னாளில் அந்தோனியோ எழுதிவைத்த செய்தியொன்று உண்டு. காய்ச்சல் மிகுந்தபோது சவேரியார் தமக்கு விளங்காத ஒரு மொழியில் பேசினார் என்கிறான். போர்த்துக்கேயமும் இலத்தீனும் அவன் அறிந்தவை. ஆகவே அது நவார் நாட்டுக் கோட்டையில், தாயின் மடியில் கற்ற பாஸ்க்கு மொழியாக இருக்கவேண்டும் என்று அவரது வாழ்க்கையை ஆராய்ந்தோர் கருதுகின்றனர். 1552 டிசெம்பர் 3ஆம் திகதி விடியுமுன், உயிர் பிரியும் தறுவாயில் இருப்பதை உணர்ந்த அந்தோனியோ எரியும் மெழுகுவர்த்தியொன்றை அவர் கையில் வைத்துப் பிடித்துக்கொண்டான். இயேசுவின் திருநாமத்தை உச்சரித்தவாறே அவர் உயிர் நீத்தார்.